சுரங்க அறிக்கையில் தண்ணீர்க் கணக்கு: போனிலேயே படித்துப் பார்ப்போம்

ஊர்ப் பக்கம் உலோகச் சுரங்கம் வரப்போகிறது என்று செய்தி வந்தால், முதல் இரண்டு நாள் பேச்சு நிலத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் இருக்கும். மூன்றாம் நாள் தண்ணீரில் வந்து நிற்கும். "நம்ம கிணறு என்ன ஆகும்? ஏரிக்கு வர்ற தண்ணி வருமா?"

இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய ஆவணம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, சுருக்கமாக இ.ஐ.ஏ. அறிக்கை. அது ரகசிய ஆவணம் கிடையாது. போனில் டவுன்லோடு செய்து யாரும் படிக்கலாம். பல நூறு பக்கம், பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால்தான் நாம் தொடுவதில்லை. ஆனால் அதில் தண்ணீரைப் பற்றிய பக்கங்கள் கொஞ்சம்தான். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் ஒரு மாலை நேரத்தில் பார்த்துவிடலாம்.

அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டு ஊராக விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொம்மையார்பாளையத்தை வைத்துக்கொள்வோம். அங்கே உலோகச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தப் பாடத்துக்குத் தேவையான எல்லாமே அந்தக் கரையில் இருக்கிறது: புயல் மழை, கடலை ஒட்டிய நிலத்தடி நீர், வடக்கே மரக்காணம் உப்பளம். சுரங்கம் வந்த பிறகு படிக்க வேண்டிய பாடம் இல்லை இது என்பதும் ஒரு காரணம். அது ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அரிட்டாபட்டி சொன்ன செய்தி

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஏலம் போன விவரத்தை மத்திய சுரங்க அமைச்சகம் 2024 நவம்பர் 7 அன்று அறிவித்தது. பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது. அந்த அறிவிப்பின்போது அரசு குறிப்பிட்ட விவரங்களைப் பாருங்கள்: 72 ஏரிகள், 200 இயற்கை நீரூற்றுகள், 3 தடுப்பணைகள். அந்த ஊரின் பெருமையே தண்ணீர்தான்.

மேலூர் வட்டார மக்கள் தொடர்ந்து போராடினார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2024 டிசம்பர் 9 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

விஷயம் இ.ஐ.ஏ. அறிக்கை வரை போகாமலேயே முடிந்தது. எல்லாத் திட்டமும் அப்படி முடியாது. அறிக்கை எழுதப்பட்டு, அதை வைத்து அனுமதி கொடுக்கப்படும் நிலை வந்தால், அந்த அறிக்கையில் உள்ள கிணறும் ஊற்றும் ஏரியும் நிஜத்தில் உள்ளவைதானா என்று சரிபார்க்க அந்த ஊர்க்காரரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அறிக்கை எந்தக் கட்டத்தில் வரும்?

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வந்த அறிவிக்கைதான் இன்றும் அடிப்படை. அதில் நான்கு கட்டம்:

1. வகைப்படுத்துதல்: இந்தத் திட்டத்துக்கு எந்த அளவு ஆய்வு வேண்டும்?
2. ஆய்வு வரையறை: அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நிபுணர் குழு பட்டியல் கொடுக்கும். இதை டி.ஓ.ஆர். என்பார்கள்.
3. பொதுமக்கள் கருத்துக்கேட்பு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். நாளிதழ்களில் 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். நிகழ்ச்சி முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும்.
4. மதிப்பீடு: பெரிய திட்டம் என்றால் மத்திய நிபுணர் குழு, சிறியது என்றால் மாநில அளவிலான குழு பரிசீலிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும், 'முக்கிய மற்றும் உத்திசார்' பட்டியலில் உள்ள கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து அது விலக்கு அளித்தது. பரப்பு எவ்வளவாக இருந்தாலும் மதிப்பீடு டெல்லியில்தான். டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: விலக்கு கூட்டத்துக்கு மட்டும்தான், அறிக்கைக்கு இல்லை. மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பு இல்லாத திட்டங்களில், அறிக்கையைப் படித்து எழுத்தில் கேட்பதுதான் கையில் இருக்கும் பெரிய வழி. இரும்பு, பாக்சைட் போன்ற மற்ற உலோகத் தாதுக்களுக்குக் கருத்துக்கேட்பு முறை தொடர்கிறது.

போனில் எடுப்பது எப்படி?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் மாநிலம், மாவட்டம், திட்ட வகை ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். விண்ணப்பம், டி.ஓ.ஆர். கடிதம், அறிக்கை, நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்பு எல்லாம் அங்கே பி.டி.எஃப். வடிவில் ஏற்றப்படும். கருத்துக்கேட்பு அறிவிப்பும் தமிழ்ச் சுருக்கமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

ஃபைல் பெரிதாக இருக்கும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் உருட்ட வேண்டாம். அறிக்கைக்கென்று விதிக்கப்பட்ட அத்தியாய வரிசை இருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

- 2-ஆம் அத்தியாயம்: திட்ட விவரம். குழியின் ஆழம், தண்ணீர்த் தேவை இங்கே இருக்கும்.
- 3-ஆம் அத்தியாயம்: இப்போதைய சுற்றுச்சூழல் நிலை. நீர்மட்டம், கிணற்று நீர்ப் பரிசோதனை இங்கே.
- 4-ஆம் அத்தியாயம்: வரக்கூடிய பாதிப்பும் தடுப்பு வழியும்.
- 6-ஆம் அத்தியாயம்: கண்காணிப்புத் திட்டம்.
- 10-ஆம் அத்தியாயம்: சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம்.

பி.டி.எஃப். ஆப்பில் உள்ள தேடல் பெட்டியில் 'கிரவுண்ட் வாட்டர்', 'வாட்டர் பேலன்ஸ்', 'டெய்லிங்ஸ்' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் தேடல் வேலை செய்யாது. அப்போது பொருளடக்கத்தைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

அறிக்கையைத் தயாரிப்பது அங்கீகாரம் பெற்ற ஓர் ஆலோசனை நிறுவனம். அதற்குப் பணம் கொடுப்பது திட்டம் போடும் கம்பெனி. இது சட்டப்படியான ஏற்பாடுதான். அதனாலேயே வெளியிலிருந்து ஒரு கண் அதைப் பார்ப்பது அவசியமாகிறது. அந்தக் கண் ஐந்து கேள்விகளோடு பார்க்கட்டும்.

கேள்வி 1: குழியின் அடி நீர்மட்டத்துக்கு மேலேயா, கீழேயா?

எல்லாவற்றுக்கும் தாய்க் கேள்வி இது. குழி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றால் பிரச்சினை ஓர் அளவுக்குள் இருக்கும். கீழே போனால், சுற்றியுள்ள பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் குழிக்குள் வந்துகொண்டே இருக்கும். அதை இரவும் பகலும் பம்பு வைத்து வெளியேற்ற வேண்டும். பம்பு ஓட ஓடச் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் புனல் வடிவத்தில் இறங்கும். குழிக்குப் பக்கத்துக் கிணறு முதலில் வற்றும், தூரத்துக் கிணறு பிறகு.

பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு: கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி. அங்கே எடுப்பது உலோகம் அல்ல, பழுப்பு நிலக்கரி. ஆனால் தண்ணீர்ப் பாடம் ஒன்றுதான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள நீர்த்தாங்கியில் அழுத்தம் அதிகம். அதைத் தொடர்ந்து இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தண்ணீர் தளத்தை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். சுரங்கத்தை நடத்துவது என்றாலே அங்கே தண்ணீரை இறைப்பதுதான்.

அறிக்கையில் பார்ப்பது எப்படி? ஆழத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று 'எம்.பி.ஜி.எல்.', அதாவது தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே. மற்றொன்று 'ஏ.எம்.எஸ்.எல்.', அதாவது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் மேலே. நீர்மட்டத்தை ஒரு கணக்கிலும் குழியின் அடியை இன்னொரு கணக்கிலும் சொல்லியிருந்தால் ஒப்பிட முடியாமல் குழம்பிப்போவோம். சுரங்கங்களுக்கான பொதுவான ஆய்வு வரையறையே இரண்டையும் இரண்டு கணக்கிலும் படத்தோடு காட்டச் சொல்கிறது. குழி நீர்மட்டத்தை வெட்டுமானால் விரிவான நிலத்தடி நீரியல் ஆய்வும் கேட்கிறது. அந்தப் படமும் ஆய்வும் இல்லையென்றால் உங்கள் முதல் கேள்வி தயார்.

கடலோர ஊர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. பொம்மையார்பாளையத்தின் அடியில் கடலூர் மணற்பாறை, வானூர் மணற்பாறை என்று அடுக்கடுக்காக நீர்த்தாங்கிகள் இருக்கின்றன. நல்ல தண்ணீர், கனமான கடல் நீரின் மேல் மிதப்பதுபோல நிற்கும். ஒரு பொதுவான கணக்கு: நல்ல நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழே உப்பு நீர் 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். மண்ணின் அடுக்கைப் பொறுத்து இது மாறும் என்றாலும், கடலோரத்தில் 'ஒரு மீட்டர்தானே' என்று சொல்லிவிட முடியாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி பகுதியில் எடுக்கப்படும் இல்மனைட், ஜிர்கான் போன்ற கடற்கரைத் தாது மணலுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

கேள்வி 2: எந்தக் கிணறு, எந்த மாதம்?

3-ஆம் அத்தியாயத்தில் 'அடிப்படை நிலைத் தரவு' என்று ஓர் அட்டவணை வரும். திட்ட இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சில கிணறுகளிலும் ஏரிகளிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்த விவரம் அது. நாளைக்குத் தண்ணீர் கெட்டால், 'முன்பு எப்படி இருந்தது' என்பதற்குச் சாட்சி அந்த அட்டவணைதான். அது தவறாக இருந்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

மாதத்தைக் கவனியுங்கள். பொதுவான வரையறை, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் தரவு எடுக்கச் சொல்கிறது. மார்ச்–மே கோடை, அக்டோபர்–டிசம்பர் மழைக்குப் பிந்தைய காலம், டிசம்பர்–பிப்ரவரி குளிர்காலம் என்று அது பிரிக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஊர்களுக்கு இது சரி. நமக்கு? அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அந்த நேரத்தில் கிணறு நிறைந்திருக்கும், உப்பும் நீர்த்துப்போயிருக்கும். கோடையில் என்ன நிலை என்று அந்த எண் சொல்லாது. தமிழ்நாட்டுக் கரையோரத்தில் அக்டோபர்–டிசம்பரில் மட்டும் மாதிரி எடுத்திருந்தால், "கோடைத் தரவும் வேண்டும்" என்று கேட்பதற்கு முழு நியாயம் இருக்கிறது.

அடுத்து இடம். அட்டவணையில் ஒவ்வொரு கிணற்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண் இருக்கும். அதை போன் மேப்பில் போட்டுப் பாருங்கள். கிணறு உண்மையிலேயே அங்கே இருக்கிறதா? தண்ணீர் ஓடும் திசையில், சுரங்கத்துக்குக் கீழ்ப்பக்கம் உள்ள கிணறுகளைச் சோதித்திருக்கிறார்களா, மேட்டுப் பக்கத்துக் கிணறுகளை மட்டுமா? ஊற்றும் ஓடையும் கோயில் குளமும் வரைபடத்தில் உள்ளனவா? இதைச் சொல்ல எந்தப் பட்டமும் வேண்டாம், ஊரில் வாழ்ந்திருந்தால் போதும்.

கேள்வி 3: மழைக் கணக்கு சராசரியா, புயலா?

அறிக்கையில் 'வாட்டர் பேலன்ஸ்' என்று ஒரு வரவு–செலவுப் படம் வரும். வரவு: மழை, ஊற்று, வெளியிலிருந்து கொண்டுவரும் தண்ணீர். செலவு: ஆவியாவது, தூசிக்குத் தெளிப்பது, தாது கழுவுவது, வெளியேற்றுவது. வரவும் செலவும் சமமாக வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஒன்று எழுதப்படவில்லை.

இதில் மழையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதுதான் சூட்சுமம். மனதில் வைக்க ஒரே வாய்ப்பாடு போதும்:

1 மில்லிமீட்டர் மழை × 1 ஹெக்டேர் = 10,000 லிட்டர்.

இப்போது ஃபெஞ்சல் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை. மயிலத்து மழை 100 ஹெக்டேர் சுரங்கத்தில் விழுந்திருந்தால்?

510 × 100 × 10,000 = 51 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 42,500 நடை. ஒரே நாளில்.

ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை என்று வைத்து 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 3 மில்லிமீட்டர்கூட வராது. அந்தச் சராசரியை நம்பிக் குட்டை வெட்டினால் புயல் அன்று எல்லாம் கரை தாண்டி ஊருக்குள் வரும். எனவே கேளுங்கள்: சுற்று வாய்க்காலும் வண்டல் படியும் குட்டையும் எத்தனை சென்டிமீட்டர் ஒருநாள் மழைக்காக வடிவமைக்கப்பட்டவை? அதைத் தாண்டினால் தண்ணீர் எந்த ஓடையில், எந்த ஏரியில் போய் விழும்?

கேள்வி 4: பாறைக்குள் என்ன இருக்கிறது?

தாதுப் பாறையில் நாம் தேடும் உலோகம் மட்டும் இருக்காது. கந்தகத்தோடு சேர்ந்த கனிமங்கள் இருந்தால், பல லட்சம் ஆண்டு மண்ணுக்குள் சும்மா கிடந்த பாறை உடைக்கப்பட்டுக் காற்றும் மழையும் படும்போது கந்தக அமிலம் உருவாகும். அந்த அமிலம் பாறையில் உள்ள மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடும். சுரங்கம் மூடிய பிறகும் இது நிற்பதில்லை. எல்லாப் பாறையும் இப்படிச் செய்யாது. சுண்ணாம்புத் தன்மை உள்ள பாறை அமிலத்தை அடக்கிவிடும். எது நடக்கும் என்பதைச் சோதித்துச் சொல்ல முடியும். 'அமிலம் உருவாகும் திறன்' சோதனையின் முடிவு அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கு இன்னொரு வகை. இந்தியாவின் குரோமைட் தாதுவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அங்கே சுரங்க நீரில் வருவது ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியம். அதை இரும்பு உப்பு சேர்த்துச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும் என்பதுதான் இதில் மோசம்.

ஒவ்வொரு தாதுவுக்கும் அதற்கான சோதனை வேண்டும். பி.எச்., கடினத்தன்மை, டி.டி.எஸ். என்று பொதுவான நான்கைந்து எண்களை மட்டும் கொடுத்திருந்தால் போதாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகளை (ஐ.எஸ். 10500) ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சில:

- மொத்தக் கரைபொருள் (டி.டி.எஸ்.): 500 வரை ஏற்கத்தக்கது; வேறு வழியில்லாதபோது 2,000 வரை
- சல்பேட்: 200; வேறு வழியில்லாதபோது 400 வரை
- ஆர்சனிக்: 0.01
- ஈயம்: 0.01
- மொத்தக் குரோமியம்: 0.05

பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும்.

கேள்வி 5: கழிவுக் குட்டையை யார், எத்தனை காலம் காப்பார்கள்?

டங்ஸ்டன் போன்ற உலோகங்கள் தாதுவில் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் சில கிலோ கிடைக்கும். மீதி எல்லாம் தண்ணீரோடு கலந்த சேறு. அதைத்தான் 'டெய்லிங்ஸ்' என்கிறார்கள். அதை அணை கட்டி ஒரு பெரிய குட்டையில் தேக்குவார்கள்.

மரக்காணம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பளத்தில் பாத்தியின் அடிமண்ணை மிதித்து இறுக்குவது எதற்கு? தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க. வெயிலில் தண்ணீர் ஆவியாக ஆக என்ன நடக்கிறது? 'டிகிரி' ஏறுகிறது. முதலில் ஜிப்சம் படியும், 25 டிகிரி அளவில் உப்பு பூக்கத் தொடங்கும். தண்ணீர்தான் போகும், கரைந்திருப்பது போகாது. கழிவுக் குட்டையும் அப்படித்தான். அதில் கரைந்திருக்கும் பொருள் நாளுக்கு நாள் அடர்த்தியாகும். அப்படியானால் கேள்வியும் உப்பளத்துக் கேள்விதான்: அடியில் என்ன போட்டு இறுக்கியிருக்கிறார்கள்? கசிந்தால் கண்டுபிடிக்கச் சுற்றிலும் சோதனைக் கிணறுகள் உண்டா? அடைமழையில் பாத்தி நிறைந்தால் என்ன வழி?

வித்தியாசம் ஒன்று உண்டு. உப்பளத்தில் கரை உடைந்தால் ஒரு பருவத்து உழைப்பு போகும். கழிவு அணை உடைந்தால் உயிர் போகும். பிரேசில் நாட்டின் புருமாதினோவில் 2019 ஜனவரி 25 அன்று ஓர் இரும்புத் தாதுச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அந்த அணையில் கழிவு கொட்டுவதை நிறுத்தி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே தேங்கிய தண்ணீர் சரியாக வடியாததும் ஒரு காரணம் என்று நிபுணர் குழு சொன்னது. 'நிறுத்திவிட்டோம்' என்பதும் 'பாதுகாப்பானது' என்பதும் ஒன்றல்ல.

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் சுமார் 3.3 கோடி டன் அளவில் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன. பம்பு நின்றதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. வேலை முடிந்து கால் நூற்றாண்டு ஆகிறது, கழிவு மட்டும் குடியிருக்கிறது. எனவே அறிக்கையில் 'சுரங்க மூடல் திட்டம்' பகுதியைத் தேடுங்கள். மூடிய பிறகு எத்தனை ஆண்டு தண்ணீரைச் சோதிப்பார்கள், அதற்கான பணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு எண்ணும் வேண்டும்.

நம் கிணற்றுக் கணக்கு நம்மிடம் இருக்கட்டும்

சுரங்கம் வந்த பிறகு இந்தப் பாடத்தைப் படித்துப் பயனில்லை என்று சொன்னதன் காரணம் இங்கேதான். "முன்பு நல்ல தண்ணீராக இருந்தது" என்று வாயால் சொன்னால் அது நினைவு. தேதியோடு எழுதியிருந்தால் அது சான்று. பக்கத்தில் எந்தத் திட்டமும் இல்லாத ஊர்தான் அந்தச் சான்றைத் தொடங்க ஏற்ற இடம்.

- கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். நனைந்த இடம் வரை டேப்பால் அளந்து, கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழியுங்கள். வருவது தரையிலிருந்து நீர்மட்ட ஆழம்.
- காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். மாதம் ஒரு முறை நல்லது. முடியாவிட்டால் மே மாதமும் ஜனவரியும் கட்டாயம்.
- இடமும் தேதியும் பதியும்படி போனில் ஒரு படம் எடுத்து, நோட்டிலும் எழுதி வையுங்கள்.
- கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பு ஏறுவதைக் காட்டும். ஆர்சனிக், ஈயம், குரோமியத்தை அது காட்டாது. மீட்டர் 400 என்று காட்டுவதால் உலோகம் இல்லை என்று ஆகிவிடாது.
- உலோகச் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகுங்கள். எந்தப் பாட்டிலில், எப்படி எடுக்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

தெருவுக்கு ஒரு கிணறு என்று பத்துக் கிணற்றுக்கு இப்படிக் கணக்கு இருந்தால், அந்த ஊரின் தண்ணீரைப் பற்றி ஊருக்குத் தெரியாத எண்ணை யாரும் எழுதிவிட முடியாது.

எங்கே, எப்போது சொல்வது?

கருத்துக்கேட்பு உள்ள திட்டம் என்றால் நேரில் பேசலாம். போக முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். சொல்லப்பட்ட ஆட்சேபங்களுக்கு இறுதி அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். "எங்களுக்கு வேண்டாம்" என்பதோடு, "பக்கம் இத்தனை, அட்டவணை இத்தனையில் உள்ள கிணறு எங்கள் ஊரில் இல்லை" என்று எழுதினால் அதைத் தாண்டிப்போவது கடினம்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் அதில் ஒன்று. ஊர்க் கிணறுகளின் கணக்கைத் தீர்மானத்தோடு பதிவு செய்ய அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

ஆவணம் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால், அதை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. சுரங்கம் ஓடத் தொடங்கிய பிறகும் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். அதில் உள்ள நீர்மட்ட எண்ணை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சி

கீழே உள்ளவை கற்பனை எண்கள். போன் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

1. இடத்தின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 160 மீட்டர். நீர்மட்டம் மே மாதத்தில் தரையிலிருந்து 14 மீட்டர், ஜனவரியில் 6 மீட்டர். குழியின் அடி கடல் மட்டத்துக்கு மேல் 115 மீட்டர். குழி நீர்மட்டத்தை வெட்டுமா?

2. குழியின் பரப்பு 20 ஹெக்டேர். ஒருநாள் மழை 20 சென்டிமீட்டர். குட்டையின் கொள்ளளவு 15,000 கன மீட்டர். போதுமா?

3. அறிக்கையில் உங்கள் தெருக் கிணற்றின் டி.டி.எஸ். 600, மாதம் நவம்பர். உங்கள் நோட்டில் மே மாதம் 1,400. என்ன எழுதுவீர்கள்?

விடைகள்:

1. குழியின் ஆழம் 160 – 115 = 45 மீட்டர். கோடையில் நீர்மட்டத்துக்குக் கீழே 31 மீட்டர், ஜனவரியில் 39 மீட்டர். வெட்டும். விரிவான நிலத்தடி நீரியல் ஆய்வு எங்கே என்று கேளுங்கள்.

2. 200 × 20 × 10,000 = 4 கோடி லிட்டர், அதாவது 40,000 கன மீட்டர். போதாது. மீதி 25,000 கன மீட்டர் எங்கே போகும் என்று கேளுங்கள்.

3. இரண்டு எண்ணையும் தேதியோடு எழுதுங்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நவம்பர் மழைக்காலம் என்பதால், கோடையிலும் மாதிரி எடுத்த பிறகே அடிப்படை நிலையை முடிவு செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு விடை எழுத வேண்டுமானால் மே மாதத்து எண் நோட்டில் இருந்தாக வேண்டும். அதை அந்த மே மாதத்தில்தான் எழுத முடியும்.